யாரும் அழுத்தாத பட்டன்கள்

மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த காலையில் அந்தப் பெண் வந்தாள். உட்காரச் சொன்னபோதும் நின்றபடியே பேசினாள்.

“என் வீட்டுக்காரர் மீன் கம்பெனி குளிர் அறையில மாட்டிக்கிட்டு உறைஞ்சு போயிட்டார். திருட்டுக்குப் பயந்து உள்பக்கமும் பூட்டு போட்டிருக்காங்க. புது கீபேட். நம்பர் போட்டா திறக்கும். அவர் ஒரு பட்டனைக்கூட அழுத்தலைன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம். சாகணும்னே போனார்ங்கறாங்க.” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அன்னைக்குக் காலையில, ‘வீட்டுக்கே வராதே’ன்னு நான்தான் கத்தினேன்.”

துப்பறிபவர் எழுந்து சட்டையை மாட்டினார். அவருடைய மைத்துனனோ அதற்குள் மனதில் இரண்டு பேரைத் தூக்கிலேற்றிவிட்டான். “கொலைதான் அத்தான்!” என்று அவர் காதைக் கடித்தான்.

“மொதல்ல குடையை எடு மாப்ளே.”

குளிர் அறை வாசலில் மேலாளர் எல்லோருக்கும் தடித்த கையுறைகளைக் கொடுத்தார். ‘உள்ளே கையுறையைக் கழற்றாதீர்கள்’ என்று கதவிலேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. இறந்தவரின் கையுறைகள் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. வலது கையுறையின் விரல்நுனி பல்லால் கடித்துக் கிழிபட்டிருந்தது.

அந்தக் கீபேடை இயக்கும் ‘டிரைவர்’ நிரலை எழுதியவன் இறந்தவரின் தம்பி. பட்டன் அமுங்குவதை எண்ணாக மாற்றி, இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னலிலிருந்து மேலே அனுப்புவது அந்த நிரலின் வேலை. முகம் வெளிறிப்போயிருந்தாலும் அவன் குளிர் அறைக்குள் முன்னே நடந்தான்.

“கீபேட்ல கோளாறே இல்ல சார், பாருங்க.” தன் வலது கையுறையை உருவிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எண்களை அழுத்தினான். வெளியே இருந்த திரையில் ஒவ்வொரு எண்ணும் விழ, பூட்டு டக்கென்று விலகியது. இந்தக் குளிரிலும் எவ்வளவு துணிச்சல் என்று மைத்துனன் வியந்தான்.

அலுவலக அறையில் அந்தப் பெண்ணும் மற்ற எல்லோரும் கூடியதும் துப்பறிபவர் தம்பியைப் பார்த்தார்.

“மூணு பட்டன் ஒண்ணா அமுங்கினா உங்க டிரைவர் என்ன செய்யும்?”

தம்பி தலை நிமிரவில்லை. “கீபேடுக்குள்ள கம்பிங்க குறுக்கும் நெடுக்குமா ஓடும் சார். மூணு பட்டன் சேர்ந்து அமுங்கினா, தொடாத நாலாவதும் அமுங்கின மாதிரி காட்டும். எது நிஜம்னு தெரியாது. அதனால மொத்தத்தையும் தள்ளிடும்.”

“கம்ப்யூட்டர்ல பதியாமலேயே?”

“பதியாமலேயே.”

துப்பறிபவர் கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி குளிர் அறைக்குள் போனார். கதவு மூடாதபடி பெட்டி வைத்துத் தடுத்துவிட்டு, ஒற்றை விரலால் கீபேடை அழுத்தினார். தடித்த விரல்நுனியின் கீழ் பக்கத்துப் பட்டன்களும் சேர்ந்து அமுங்கின. மறுபடி அழுத்தினார், குத்தினார். மைத்துனன் வெளியே திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது வெறிச்சென்று கிடந்தது.

அவர் அலுவலக அறைக்குத் திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் சொன்னார். “உங்க வீட்டுக்காரர் அழுத்தினாரும்மா. அழுத்திக்கிட்டே இருந்திருக்கார். கடைசியில கையுறையைப் பல்லால உருவப் பாத்திருக்கார். விரல் விறைச்சுப் போனதால முடியல.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப கொலை இல்லையா?” மைத்துனன் மெல்லக் கேட்டான். கேட்டதற்கே வெட்கமாக இருந்தது.

“இல்ல. மேஜையில உக்காந்து வெறும் விரலால சோதிச்ச ஒருத்தர் தப்பு. கையுறையை யோசிக்கல.” துப்பறிபவர் தம்பியின் பக்கம் திரும்பினார். “ஆனா இன்னைக்கு யோசிச்சீங்க. நாங்க எல்லாரும் கையுறையோட நின்னோம். கழட்டாதேன்னு எழுதியிருந்தும் நீங்க மட்டும் கழட்டினீங்க. போட்டுக்கிட்டு அழுத்தினா வேலை செய்யாதுன்னு உங்களுக்குத் தெரியும். எப்பத் தெரிஞ்சது?”

தம்பி சட்டைப்பையில் செருகியிருந்த தன் கையுறையை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“அண்ணன் கையுறையைப் பாத்தப்பவே,” என்றான் தம்பி. “சொல்ல வாய் வரல அண்ணி. நானே கொன்னுட்டேன்னு ஆயிடுமேன்னு...”

அவள் அருகே போனாள். அறையப்போகிறாள் என்றே மைத்துனன் நினைத்தான். அவள் கையை ஓங்கவில்லை.

“தப்பா எழுதிட்டேன்னு வந்து அழுதிருந்தா, கூட உக்காந்து நானும் அழுதிருப்பேன்டா. வீட்டுக்கு வரத்தானே உங்க அண்ணன் அந்தப் பாடு பட்டிருக்கார்? என் பேச்சாலதான் செத்தார்னு நான் தலையில அடிச்சுக்கிட்டப்ப, பக்கத்துல உக்காந்து எனக்குத் தண்ணி குடுத்தியேடா!”