கோடு போட்ட கால்சட்டைப் பென்குயின்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் படக்கதை இணையத்தில் வந்தாக வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ‘ஒவ்வொரு வெள்ளியும் ஆறு மணிக்கு’ என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் எழுதி, நானே என் தலையில் கட்டிக்கொண்ட வேலை அது.

ஒரு பென்குயின் குடும்பத்தின் கதை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் படித்தார்கள். மூன்று வாரத்துப் பக்கங்களை எப்போதும் முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பேன்.

ஒரு நாள் அம்மா, தான் வேலை செய்யும் சலவைக்கூடத்துப் படியில் வழுக்கி விழுந்தார். காலில் பெரிய கட்டு. பேருந்து ஓட்டும் அப்பா இரண்டு ஷிஃப்ட் பார்த்தார். தம்பியை எழுப்பிப் பள்ளிக்குக் கிளப்புவது, பாத்திரம், துணி எல்லாம் என் பாடு. என் வீட்டுப்பாடம் தனி.

வரைந்து வைத்த பக்கங்கள் தீர்ந்தன. நான்காவது வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு என் முன்னால் வெறும் தாள்தான் இருந்தது. மண்டையைக் குடைந்தும் ஒன்றும் தோன்றவில்லை. எதிரே கொடியில் தம்பியின் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அம்மா விழுந்த நாளிலிருந்து அவன் படுக்கையை நனைக்கிறான். தினமும் அலசிப் போடுவதும் நான்தான்.

அதையே வரைந்துவிட்டேன். குட்டிப் பென்குயின் தன் படுக்கையில் நீச்சல் அடிக்கிறது. அரை மணியில் வேலை முடிந்தது.

அப்பா பார்த்த பிறகுதான் எந்தப் பக்கத்தையும் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. அன்று அவர் வேலையில் இருந்ததால் ஃபோனில் கேட்டேன்; அவருக்கு நேரமில்லை. “நம்ம பென்குயின்தானே? போட்டுடும்மா,” என்று ஃபோனை வைத்துவிட்டார்.

அந்தப் பக்கத்துக்குத்தான் இதுவரை இல்லாத அளவு சிரிப்புக் குறிகள் வந்தன. இரண்டு நாள் நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் வாசலில் தம்பி என் கையைப் பிடிக்கவில்லை.

“என்னடா?”

“என்னைப் பென்குயின்னு கூப்பிடறாங்க.”

“யாரு?”

“எல்லாரும். அதோட கால்சட்டை என்னோடது மாதிரியே இருக்காம்.”

பச்சைக் கோடு போட்ட கால்சட்டை. யோசிக்காமல் கை வரைந்துவிட்டது. இது என் படக்கதை என்று பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடித்ததும் நான்தானே.

“சும்மா தமாஷுக்குத்தான்டா...”

“எனக்குத் தமாஷா இல்ல.”

அன்று முதல் அவன் தண்ணீரை ஒதுக்கினான். தம்ளரை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வான். அம்மா கெஞ்சினால் இரண்டு மடக்கு, அவ்வளவுதான். புதன்கிழமை அவன் உதடு வெடித்திருந்தது. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அவன் கண்ணெதிரிலேயே அந்தப் பக்கத்தை அழித்தேன்.

“பாரு, அழிச்சிட்டேன்.”

“பார்த்தவங்களுக்கு மறந்துடுமா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “மறக்காது,” என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை, படத்துக்குப் பதிலாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ‘என் தம்பியின் கதையை அவனிடம் கேட்காமல் எடுத்துவிட்டேன்.’ நன்றாக வந்திருப்பதாகவே நினைத்தேன். போடுவதற்கு முன் அவனிடம் படித்துக் காட்டினேன்.

“தம்பின்னா நான்னு தெரியுமே,” என்றான்.

திரும்பவும் அதே தப்பைச் செய்யப் பார்த்திருக்கிறேன். மொத்தத்தையும் அழித்தேன். “என்ன போடலாம், நீயே சொல்லு.”

அவன் சொன்னபடியே எழுதினேன்: ‘அந்தப் பக்கத்தை நான் போட்டிருக்கக் கூடாது. இந்த வாரம் படம் இல்லை.’

ஏழு மணிக்குள் நாற்பது பேர் விலகிவிட்டார்கள். ‘வரையச் சோம்பலா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கென்றது. பதில் எழுதாமல் ஃபோனை அணைத்துவிட்டுச் சாப்பாடு எடுத்து வைத்தேன்.

“இனிமே என்னைப் பத்தி வரையணும்னா கேப்பியா?” என்றான் தம்பி.

“கேக்கறேன்.”

“நான் வேணாம்னுதான் சொல்வேன்.”

“சரி.”

“எத்தனை தடவ கேட்டாலும்.”

“சரிடா.”

பிறகு காலித் தம்ளரை என் பக்கம் நகர்த்தினான். நான் பாதிதான் ஊற்றினேன்.

“நிறைய ஊத்துக்கா,” என்றான்.