சூடு காட்டாத மை

“கழுவக் கழுவப் போயிடணும். அப்படி எந்த பிரிண்ட் இருக்கு?”

“எல்லாரும் போகாததைத்தானே கேப்பாங்க... நீங்க தப்பான கடைக்கு வந்துட்டீங்க.”

“கடை சரிதான். கடைக்காரர்தான் வாயாடி.”

டுலூத் நகரின் ஏரிக்கரையில் ஆர்லோவின் டி-ஷர்ட் அச்சுக்கடை. வெளியே ஏரியையும் தெருவையும் ஒன்றாக்கிவிட்ட பனிமூட்டம். உள்ளே வந்தவள் கோட்டின் தொப்பியை இன்னும் இறக்கவில்லை.

“ஒரே ஒரு சட்டைன்னா மெஷினே நேரா அடிச்சிடும். இல்லேன்னா படத்தைச் சூட்டுல ஒட்டலாம். வலை வழியா மை இழுத்து ஸ்க்ரீன்ல அடிச்சா வருஷக்கணக்கா நிக்கும்,” என்றான் ஆர்லோ.

“ஸ்க்ரீன்தான். தண்ணி மை. அடிச்சதும் சூடு காட்டாம குடுங்க.”

அவனுக்குச் சுருக்கென்றது. “சூடு காட்டலேன்னா மை துணில பிடிக்காது. அப்படி ஒரு சட்டை இந்தக் கடையை விட்டுப் போனதில்லைங்க. நாலு சலவைல மூஞ்சியே இருக்காது. என் பேரு கெட்டுடும்.”

“மூஞ்சி போகணும்னுதான் கேக்கறேன்...”

தொப்பியை இறக்கினாள். மழை படிந்த ஜன்னல் போல இரண்டு சாம்பல் கண்கள்...

ஆர்லோவுக்கு அடையாளம் தெரிந்தது. நான்கு வருடங்களுக்கு முன் அவனே அச்சடித்த முகம். காணாமல் போன சிக்னே. உறைந்த ஏரியில் அவளைத் தேடப் போனவர்கள் எல்லாரும் அந்த முகத்தை மார்பில் அணிந்திருந்தார்கள்.

“பஸ் ஏறி ஓடிப்போனேன், அவ்வளவுதான். போன மாசம் திரும்பி வந்தா... அம்மா இன்னும் அந்தச் சட்டையைத்தான் போட்டிருக்கா. நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ‘என் பொண்ணு இங்க இருக்கா, நீ யாரு’ங்கறா. அதே மாதிரி ஒண்ணை அவளுக்குத் தெரியாம மாத்தி வெச்சிடுவேன். அது கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சா... என்னைப் பார்ப்பாளோ என்னவோ.”

ஆர்லோ உள்ளே போய், வலை இழுத்துக் கட்டிய சட்டகம் ஒன்றை எடுத்து வந்தான்.

“வேலை முடிஞ்சா ஸ்க்ரீனைக் கழுவிட்டு அடுத்த படத்துக்கு எடுத்துக்குவோம். உங்க முகம் இருக்கற இதை மட்டும் கழுவலை. தினமும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பேன்... செத்துப் போயிட்டதா நினைச்ச பொண்ணு மேல ஆசை வெச்சுட்டேன்னு யார்கிட்ட சொல்றது?”

அவள் சிரிக்கவில்லை. வலையில் பதிந்திருந்த கண்கள் பனியை வெறித்துக்கொண்டிருந்தன. இந்த இரண்டு முகங்களில் எது திரும்பி வந்திருக்கிறது என்று ஒரு கணம் அவனுக்கே தெரியவில்லை.

சட்டகத்தை ஒரு வெள்ளைச் சட்டைமேல் வைத்து, மையை ஊற்றி இழுத்தான். துணியில் முகம் ஈரமாக எழுந்தது. சூட்டுப் பெட்டியின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. சட்டையை அப்படியே கொடியில் தொங்கவிட்டான்.

சிக்னே அதைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்ததுலேருந்து இந்த ஊர்ல ஒருத்தரும் என்னைக் கூப்பிடலை. ‘அந்தப் பொண்ணு’ம்பாங்க, ஒதுங்கிப் போயிடுவாங்க... ஒரே ஒரு தடவை, என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்களேன்.”