அடுத்த பல்

காலையில் எழுந்ததும் அவனுக்குத் தாடை வலிக்கவில்லை.

அதுதான் முதலில் சரியில்லாமல் பட்டது. வலி இல்லையே என்று திடுக்கிடுகிற ஆள் உலகத்தில் உண்டா என்று கேட்கலாம், இவன் திடுக்கிட்டான். வாயிலிருந்த உறையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்கள் பல் தேயாமலிருக்க மாட்டிக்கொள்ளும் உறை அது. அவனே தனக்காகச் செய்துகொண்டது. ராத்திரி வழவழப்பாகத் தேய்த்து மாட்டிக்கொண்டு படுத்தால், காலையில் அதில் கீறலும் பள்ளமும் விழுந்திருக்கும், இடது பக்கம் அதிகமாக. இன்றைக்கு எச்சில் ஈரத்தைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை.

அவன் பல் செட் செய்கிறவன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறைதான் பட்டறை. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவன் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை வரிசையாக நட்டு, செட்டாக்கிக் கொடுப்பான். வேலை சுத்தமாக இருக்கும். தொழில்மேல் உள்ள பற்று என்று நினைத்து யாரும் ஏமாந்துவிட வேண்டாம். வெறும் பயம். கடவுள் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்கிற பயம்.

பெரிய பாவம் ஏதாவது செய்துவிட்டுப் பயந்திருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். இவனுக்குப் பாவம் செய்யவும் துப்பில்லை. பஸ்ஸில் பக்கத்திலிருந்தவன் தூங்கி விழுந்தபோது தோளை நகர்த்திக்கொண்டதற்காக ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தவன். பிரார்த்தனையில் ஒரு சொல்லை அவசரமாகச் சொல்லிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். தொடங்கினதும் அடுத்த சந்தேகம் வரும். கடவுளை அவன் ஒருநாளும் நேசித்ததில்லை. ஓங்கின கையையே பார்த்துக்கொண்டிருக்கிற நாயைப் பக்தன் என்று சொல்லலாமென்றால், அவன் பக்தன்தான்.

அவன் பல்லைக் கடிக்கிற சத்தம் தாங்காமல் மனைவி மகளோடு அடுத்த அறையில் படுக்கப் போய்ப் பல வருடமாகிறது. "உங்க சாமிக்கு வேற வேலையே இல்லையா? ஊர்ல இத்தன பேர் இருக்க, உங்க ஒருத்தர மட்டும் உக்காந்து பாத்துட்டே இருக்காரா?" என்பாள். அவள் அப்படிக் கேட்டதற்கும் சேர்த்து இவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படுப்பான்.

ஆனாலும் கஷ்டம் கஷ்டம்தான். கோழைக்கும் வலிக்கும். நேற்று சாயங்காலம், தகரத்தின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, பிளாஸ்டர் மூட்டைகளுக்கு நடுவே மண்டியிட்டு அவன் அழுத அழுகை பொய்யில்லை.

"ஆண்டவா, என்னால முடியல. எனக்கு சொர்க்கம் வேண்டாம், சுகம் வேண்டாம். உனக்குப் பயப்படாம ஒரே ஒரு நாள் தூங்கணும். இந்தப் பயத்த எங்கிட்ட இருந்து எடுத்துடு. எங்க வேணா வை. யாருகிட்ட வேணா குடு. எனக்கு வேண்டாம்."

மழை நின்றது. குறைந்து, தூறலாகி, சொட்டாகி நிற்பது வேறு. இது நடுவில் வெட்டினதுபோல நின்றது. அந்த அமைதியில், அவன் தலைக்கு மேலே எங்கேயோ, யாரோ மூக்கால் ஒரு மூச்சு விட்டார்கள். சின்ன மூச்சு. செருப்பில் ஒட்டியிருப்பது என்னவென்று தெரிந்துகொண்டவர்கள் விடுகிற மூச்சு. பட்டறை மெஷினின் காற்றுக் குழாய் எங்கேயோ கசிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போய்ப் படுத்தான். கட்டையாகத் தூங்கினான்.

திடுக்கிட்டதெல்லாம் பல் விளக்கி முடிகிற வரைக்கும்தான். அதற்குள் சந்தோஷம் வந்துவிட்டது. பிரார்த்தனை பலித்துவிட்டது! பட்டறையில் உட்கார்ந்து சீட்டியடித்தான். பிரார்த்தனை நேரம் வந்து போனது. வந்ததையும் போனதையும் ஒரு பஸ்ஸைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். கையிலிருந்தது ஒரு கிழவரின் செட். கடைவாய்ப் பக்கம் ஒரு பல் கோணலாக உட்கார்ந்திருந்தது. நேற்றுவரை என்றால் பிடுங்கி மறுபடி நட்டிருப்பான். 'கிழவன் இன்னும் எத்தனை நாளைக்கு மெல்லப்போகிறான்' என்று அப்படியே மூடி வைத்தான். மனசு உறுத்துகிறதா என்று காத்திருந்தான். உறுத்தவில்லை. இத்தனை வருடம் எதற்காக நடுங்கினோம் என்று நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது.

மத்தியானம் பல் தேய்க்கிற மோட்டாரை நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை.

நறநற. மெலிசான, ஈரமான சத்தம். கல்லோடு கல் உரசுவதைவிட மிருதுவாக, மரத்தோடு மரம் உரசுவதைவிடக் கெட்டியாக, எதிலும் சேராத ஒரு சத்தம். வேறு யாராவது என்றால் எலி என்று விட்டிருப்பார்கள். பல்லோடு பல் உரசுகிற சத்தம் அவனுக்குத் தெரியாதா? தன் நாக்கை மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தான். தன் வாயில்லை. சத்தம் வீட்டுப் பக்கத்துச் சுவரிலிருந்து வந்தது.

சமையலறையில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் மேடையில் வைத்து ஜன்னலைப் பார்த்து நறுக்குகிறவள், இன்றைக்குப் பலகையைக் கையில் ஏந்திக்கொண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டவைத்து நின்றிருந்தாள். உதடு மூடியிருந்தது. கன்னத்துக்குக் கீழே சதை உருண்டு உருண்டு அடங்கியது.

"என்ன, பல்லக் கடிச்சிட்டிருக்க?"

"நானா? இல்லையே." கத்தி நின்றது. அவன் இதுவரை கேட்டிராத ஒரு குரலில், "ஏங்க, நான் இன்னிக்கு எதுவும் தப்பா பண்ணலையே?" என்றாள்.

அவன் சிரித்தான். கடவுளையே கிண்டலடித்தவளுக்கு நன்றாக வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் பயம் வரவில்லை. இந்த லட்சணத்தில்தான் அவனுடைய நிம்மதி தொடங்கியது.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, தாடை வலிக்குது. வாயத் தொறக்க முடியல."

"கடி சரியில்லாம இருக்கும் குட்டி. வா, அச்செடுத்துப் பாப்போம்."

பெண் பயந்து போய் வந்து நிற்கிறாள். அவளை மடியில் இழுத்து வைத்து என்ன என்று கேட்காமல் கிண்ணத்தில் அச்செடுக்கிற மாவு கரைத்தவனை என்ன சொல்ல? ரோஸ் நிற மாவை அச்சுக் கரண்டியில் நிரப்பிக்கொண்டு வந்தான். அவள் வாயைத் திறக்குமுன் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, மனசுக்குள்ள நெனச்சாக்கூடத் தெரிஞ்சிருமா?"

"யாருக்குத் தெரியும்?"

அவள் வாயைத் திறந்தாள். மாவு கெட்டியாகிற வரைக்கும் அவள் தாடை அவன் விரல்களுக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. அச்சை எடுத்ததும் வாயைக்கூடத் துடைக்காமல் அம்மாவிடம் ஓடிவிட்டாள்.

பிளாஸ்டர் ஊற்றினான். இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே வெளிச்சம் மங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் நறநற. இப்போது அது ஒரு வாயிலிருந்து வருவதில்லை. ஒன்று கனமாக, ஒன்று மெலிசாக. சூடு ஆறினதும் மாவை உரித்தான்.

மகளின் பற்கள் வெள்ளையாக வெளியே வந்தன. இடது கோரைப் பல் முனை இல்லாமல் மொட்டையாக இருந்தது. உள்பக்கம் சரிந்த தேய்மானம். அதற்கு நேர் கீழே பிறை வடிவத்தில் ஒரு பள்ளம். இருபது வருடம் ராத்திரி ராத்திரியாக ஒரே பக்கம் இழுத்துக் கடித்தால் மட்டுமே விழுகிற தடம். அந்தத் தடத்தை அவன் கண்ணை மூடிக்கொண்டு செதுக்குவான். அது அவனுடையது.

அவளுக்கு அந்தக் கோரைப் பல் போன வருடம்தான் முளைத்தது.

செட்டில் ஒரு பல் உயரமாக இருந்தால் கடிக்கிற பாரமெல்லாம் அதன்மேல்தான் விழும். மை தடவின நீலத் தாளைக் கடிக்க வைத்து, கறை பட்ட இடத்தைத் தேய்த்துக் குறைப்பார்கள். குறைத்ததும் அந்தப் பல்லுக்கு நிம்மதி. ஆனால் பாரம் காணாமல் போய்விடாது. அடுத்த பல்லுக்குப் போகும். அதனால்தான் ஒரு பல்லைத் தேய்க்கும்போது கண் அடுத்த பல்லில் இருக்க வேண்டும் என்பார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். ஊரான் வாய்க்கெல்லாம் இதைப் பார்த்துப் பார்த்துச் செய்தவன், தனக்கென்று கேட்கும்போது மட்டும் எங்கே வேண்டுமானாலும் வை என்றான்.

மண்டியிட்டான்.

"திருப்பிக் குடு. அவ சின்னப் புள்ள. எங்கிட்டயே குடுத்துடு."

வாய் சொன்னது. நன்றாகத்தான் சொன்னது. ஆனால் உள்ளே வேறொன்று, நேற்று ராத்திரித் தூக்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கேட்டுவிடாதே, கேட்டுவிடாதே என்று கெஞ்சியது. அது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அதை அடக்க அவன் முயலவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். இன்னும் கொஞ்சம் சத்தமாக. கண்ணீர் வரவில்லை. பெற்ற பெண்ணுக்காகக்கூட வரவில்லை.

கேட்க அங்கே யாரும் இல்லை. பட்டறை வெறும் பட்டறையாக இருந்தது. மூட்டை, மோட்டார், மெழுகு நாற்றம், வரிசையாக வாய் பிளந்த அச்சுகள். சின்ன வயதிலிருந்து பிடரியில் உறுத்திக்கொண்டிருந்த அந்தப் பார்வை இங்கே இல்லை. அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. இங்கே இல்லை என்றால் அது எங்கே இருக்கிறது என்பதும் புரிந்தது.

ஓடினான்.

நடு அறையில் விளக்குப் போடவில்லை. மூலையில் இரண்டு பேரும் குறுகி உட்கார்ந்திருந்தார்கள். மனைவி மகளை மடிக்குள் திணித்து வைத்திருந்தாள். நறநற. நறநற.

"குட்டி, அப்பாடா. ஒண்ணுமில்லடா."

மகள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே பார்த்தாள். மிக மேலே.

திரும்பினான். வாசல். சுவர். இருட்டு. வேறொன்றுமில்லை. அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. மயிர்க்கால்கூடக் கூசவில்லை.

"என்னடா இருக்கு அங்க? அப்பா இருக்கேன்ல."

"உங்களத் தாண்டி வருதுப்பா."

தாண்டி. வழியில் கிடக்கிற எதையோ தாண்டுவதுபோல.

அவள் பார்வை இறங்கியது. அவன் தலை உயரத்துக்கு. தோளுக்கு. அவனைக் கடந்து, தரையோடு மெல்ல நகர்ந்து, அருகில் வந்து, மறுபடி மேலே ஏறி, அவள் முகத்துக்கு நேர் எதிரே நின்றது. மனைவி சட்டென்று மகளின் கண்களைக் கையால் பொத்தினாள். பொத்தி, தன் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

அவன் பார்த்துக்கொண்டு நின்றான். நெஞ்சு சீராக அடித்தது. பயமே இல்லை.

பொத்தின கையின் சுண்டுவிரல் தானாக நிமிர்ந்தது. பிறகு மோதிர விரல். மனைவி முனகி முனகி அழுத்திப் பிடிக்க, அந்த அறையில் எதற்கும் அவசரமில்லாத ஏதோ ஒன்று, மகளின் கண்களைப் பார்ப்பதற்காக, அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தது.