ஒரு சாண் மண்

கிணற்றடியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், எலுமிச்சங்காய் அளவில் ஒரு கூழாங்கல் தரையைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தது. வேடியப்பன் வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். கல்லுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக ஊசிகள், விரல்கடை உயரத்துக்கு நெருக்கமாக முளைத்து, அதை அப்படியே தூக்கிப் பிடித்திருந்தன. தொட்டான். ஊசி உருகி விரலில் தண்ணீராக வழிந்தது. அப்பப்பா, என்ன குளிர்!

அக்கினி நட்சத்திரம் பிறந்து நாலாவது நாள். அடி அண்ணாமலையில் விடியும்போதே மலைப்பாறை அனலடிக்கிற காலம் அது.

"உப்பு பூத்துக்கீது. கோடைல உவரு பூக்கறதுதானே? இதுக்குப் போயி இன்னாங்க, பேஸ்தடிச்ச மாதிரி நிக்கறீங்க?" என்று சிரித்தாள் அவன் மனைவி மணியம்மாள்.

அவளுக்கு எங்கே தெரியப்போகிறது, பாவம். வேலூர்ச் சந்தையைத் தாண்டி அவள் ஒரு ஊரைக் கண்டவளில்லை. வேடியப்பன் லடாக்கில் இரண்டு வருஷம் ரோடு போடப் பாறை உடைத்தவன். அங்கே மண் என்பதெல்லாம் பேருக்குத்தான். கறுப்பாக ஒரு சாண், அதற்குக் கீழே வெறும் பாறை. அந்த ஒரு சாணிலும் பாதி கல், பாதி செத்த புல்வேர். குளிரில் எதுவும் மக்காது. எத்தனையோ வருஷத்து வேரெல்லாம் தலைமயிர் மாதிரி சிக்கிக்கொண்டு கிடக்கும். ராத்திரி உள்ளே இருக்கிற ஈரம் உறைந்து, உப்பி, மண்ணுக்குள் இருப்பதையெல்லாம் மெல்ல மெல்ல மேலே தள்ளும். கூடாரத்துக்கு அடித்த முளை பனிக்காலம் முடிந்து பார்த்தால் பிடுங்கிப் போட்ட மாதிரி வெளியே கிடக்கும்.

"இந்த மண்ணு எதையும் வயித்துல வெச்சுக்காதுடா," என்பான் சடையன்.

சடையன் இதே தெருக்காரன், கையில் எப்போதும் ஒரு செப்புக் காப்பு மாட்டியிருப்பான். இருவரும் ஒரே ரயிலில் ஏறிப் போனார்கள். ஏழு மாதத்துக்கு முன் வேடியப்பன் மட்டும் திரும்பி வந்தான். பனிச்சரிவு வாரிக்கொண்டு போய்விட்டது, தேடியும் கிடைக்கவில்லை என்று சொன்னான். சடையன் பெண்டாட்டி பொன்னி அழவில்லை, தாலியையும் கழற்றவில்லை. "நீங்க கண்ணால பாக்கலியேண்ணா. அப்புறம் நான் எப்டி நம்பறது?" என்று கேட்டாள். அவள் வீட்டுக் கிணறு இந்தக் கோடையில் வற்றிப்போனதால், தினம் உச்சிவேளைக்குத் தண்ணீர் சேந்த இங்கேதான் வருகிறாள்.

மறுநாள் ஒன்பது கற்கள். அதற்கு மறுநாள் எண்ணத் தெம்பில்லை. கற்கள் தாமாகவே நகர்ந்து பிரிந்திருந்தன. பெரிசு வெளியே, பொடிசு உள்ளே. ஓர் ஆள் நீளத்துக்கு நீண்ட வட்டம். உள்ளே செம்மண் கறுத்துவிட்டது. நனைந்த கம்பளி நாற்றமும், எங்கேயோ பாசி பிடித்த பாறை வாடையும், லடாக் மலையின் மூச்சுமுட்டுகிற ஈரமும் கொல்லைப்புறம் முழுக்கப் பரவி நின்றன.

மணியம்மாள் செங்கத்திலிருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். வேடியப்பன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டத்துக்குள் ஓங்கிக் குத்தினான். ஒரு சாண் இறங்கியது. ணங். தள்ளிக் குத்தினான். ணங். போன மாதம்தான் அந்த இடத்தில் முருங்கைக் கிளை நட இடுப்பளவு குழி வெட்டி, கிளை கிடைக்காமல் மூடியிருந்தான். இப்போது கீழே பாறை.

கடப்பாரையைக் கீழே போட்டான். செய்த காரியம் நினைவுக்கு வந்தது. வெளிதேசத்தில் செத்தவனை அடக்கம் பண்ணினால் அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து, அதை வைத்துத்தான் கருமாதி செய்வார்கள் அவர்கள் ஜனங்கள். அவனும் துண்டில் முடிந்து கொண்டுவந்தான். ஆனால் பொன்னியிடம் கொடுத்தால், ஏது இந்த மண், நீதான் புதைத்தாயா என்று கேட்பாளே! பயந்துபோய் இந்தக் கிணற்றடியில் கொட்டி மூடிவிட்டான். குலசாமியை வேறு ஊருக்குக் கொண்டுபோகவும் ஒரு பிடி மண்தானே எடுக்கிறோம், அதில் சாமி முழுசாக வந்துவிடுகிறதே என்று அன்றைக்கு அவன் மடப்புத்திக்கு உறைக்கவில்லை.

"அண்ணா, வெயில் ஜாஸ்தியா கீது," என்றபடி பொன்னி குடத்தோடு வந்தாள். வெறுங்காலோடு நேராக வட்டத்துக்குள் நடந்தாள். "இங்க மட்டும் இன்னாண்ணா, காலு மரத்துப்போவுது?"

"அங்க நிக்காத!"

திடுக்கிட்டு விலகினாள். "பாம்பாண்ணா?"

"ஆமா. நீ போ. அப்புறம் வா."

"ஒரு குடம் எடுத்துனு போயிடறேன். கொட்டிட்டு இன்னொரு தபா வரேன்," என்று சேந்திக்கொண்டு போனாள். அவள் திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் வழித்து எடுத்து எங்காவது எறிந்துவிட வேண்டும். அவன் மண்டிபோட்டுக் கற்களைப் புரட்டினான். விரல்கள் விறைத்தன. வேர்கள் சிக்கின. ஒரு வேரை இழுத்தான். அது வேரில்லை, கம்பளி நூல்.

மண் அசைந்தது.

மெல்ல உப்பியது, மாவு புளித்துப் பொங்குகிற மாதிரி. முதலில் ஒரு செப்புக் காப்பு வெளியே வந்தது. பிறகு அதை மாட்டியிருந்த கை. தோலில் ஒரு சுருக்கமில்லை, அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. நகங்கள் மட்டும் இல்லை. சுரண்டிச் சுரண்டித் தேய்ந்து போயிருந்தன. அவன் அந்தக் கையை நெஞ்சில் மடித்துவைத்துத்தான் மூடினான். இப்போது உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது.

ஐயோ, அந்த லாரி! பனியில் கணவாய் மூடுமுன் கடைசி லாரி, ஹாரன் மேல் ஹாரன். சடையன் இடுப்பில் பாறை விழுந்து பேச்சில்லாமல் கிடந்தான். தூக்கிக்கொண்டு போனால் லாரி நிற்காது. வேடியப்பன் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். சுட்டது. காற்று என்று சொல்லிக்கொண்டான். என் மூச்சுதான் என்று சொல்லிக்கொண்டான். வாரி வாரி மூடினான். ஒரு சாண்.

கறுப்பு மண்ணிலிருந்து புகை வந்தது. வெள்ளையாக, மெலிசாக. நின்றது. மறுபடி வந்தது.

புகையில்லை.

குடம் இடிபடுகிற சத்தம். பொன்னி.

இரண்டு கையாலும் வாரினான். போட்டான். அமுக்கினான். அன்று போலவே.

"இன்னாத்தண்ணா மூடறீங்க?"

வாயைத் திறந்தான். வெள்ளை ஆவிதான் வந்தது.

அவள் குடத்தை வைத்தாள். காப்பைப் பார்த்தாள். கத்தவில்லை. எதிரே மண்டிபோட்டு, தூங்குகிற பிள்ளையின் முகத்திலிருந்து போர்வையை விலக்குகிற மாதிரி மண்ணை விலக்கினாள். விரலை உள்ளே விட்டு, மூக்கு இருக்கிற இடத்தில் வைத்தாள். அப்படியே வைத்திருந்தாள்.

"மூச்சு வருதுண்ணா," என்றாள்.

அவன் கைகள் நிற்கவில்லை. வாரின. போட்டன. மண்ணுக்குள் இருந்த அவள் விரல்கள் மூடின. மணிக்கட்டு மூடியது. கைகள் வாரிக்கொண்டே இருந்தன.