ஏரி தாங்காது, என்னங்க!

"ஆ... ஐயோ... அம்மா...!"

உள்ளே அலறல்.

வெளியே, மேஜை மேல் போன்.

இரண்டும் ஒரே நேரத்தில்!

அவள் அலறலைக் கண்டுகொள்ளவில்லை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அலறல் என்பது சுவர்க் கடிகாரச் சத்தம் மாதிரி. போனைப் பார்த்துத்தான் திடுக்கிட்டாள்.

கணவர்!

வேலை நேரத்தில் அவர் அழைத்ததே கிடையாது... மூக்குக்கண்ணாடி தொலைந்த நாட்களைத் தவிர.

"கண்ணாடி டிவி மேல இருக்குங்க."

"கண்ணாடி இல்லடி! சனிக்கிழமை நாம ஊர் சுத்தப் போறோம்."

"நாமன்னா... யார் யாரு?"

"நீயும் நானும்தான்! பக்கத்து ஊர் யூனிவர்சிட்டிக்கு. பனி கொட்டினா கேம்பஸ் அழகு அள்ளிட்டுப் போகுமாம். காலையில போய் சாயங்காலம் திரும்பிடலாம். ப்ளானை நீயே போட்டுடு. ஆனா ஏரியை விட்டுடாத!"

"இந்தக் குளிர்லயா?"

"உறைஞ்சிருக்கும். மேல நடக்கலாம்... ஆமா, உன் வெயிட் எவ்ளோ?"

சொன்னாள்.

மறுமுனையில் ஏதோ பெருக்கல் கணக்குப் போடுகிற முணுமுணுப்பு.

"அப்ப தாங்காது... ரொம்ப நல்லது!"

போனை வைத்துவிட்டார்.



டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

"என்னடி, பல் பிடுங்கினது அந்தாளுக்கு. உன் மூஞ்சி ஏன் வெளுத்திருக்கு?"

சொன்னாள்.

"உன் புருஷனா? கடைக்குப் போனாக்கூட உன்னைப் பின்னாடி விட்டுட்டு, அடுத்த வீட்டுக்காரன் மாதிரி முன்னாடி நடக்கிற ஆளா?"

"அவரேதான்."

"ஏரி... ஐஸ்... வெயிட்டு...! ஏண்டி, உனக்கு இன்னுமா புரியல?"

"புரியுது டாக்டர்."

"போகாதே!"

"போகாம...? கல்யாணமானதுலேருந்து முதல் தடவையா வெளிய கூப்பிடறாரு."

*

மாலை. சாப்பாட்டு மேஜை. அவள் கையில் பேனா. எதிரே, இயற்பியல் பேராசிரியரான கணவர்.

"முதல்ல மியூசியம்..."

"ஏரிக்கு அப்புறம்."

"கண்ணாடி வீட்டுக்குள்ள செடியெல்லாம் வளர்க்கிறாங்களாம். அது..."

"அதுவும் ஏரிக்கு அப்புறம்."

"மதியச் சாப்பாடு?"

"நேரம் இருந்தா பார்க்கலாம்."

'எனக்கா, உங்களுக்கா?' என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. இந்த மனிதர் சில நாட்களாக இவளையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! இவள் எடை, இவள் நடக்கப் போகும் பாதை, இவள் கடைசி நிமிடம்... பெண் பார்க்க வந்த அன்றுகூட இவளை இத்தனை கவனமாக அவர் பார்க்கவில்லை. கொல்வதற்காகவாவது பார்க்கிறாரே!

'சீ, பைத்தியமே' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பேனாவை மேஜை மேல் வைத்தாள்.

"என்னங்க... என்னைக் கொல்லப் போறீங்களா?"

அவர் நிமிர்ந்தார்.

சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்!

"உன்னையா? உன்னை எதுக்குடி கொல்லணும்? சட்டைக்கு யாரு இஸ்திரி போடறது?"

"பின்னே...?"

குரல் தாழ்ந்தது.

"பனிக்கரடியை!"

பனிக்கரடி என்பது இவர் வைத்த பட்டப்பெயர். அந்த யூனிவர்சிட்டியின் இயற்பியல் துறைத் தலைவர். ஆள் கொழுகொழு. இவர் கனவு கண்ட நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவர்.

"தினமும் மத்தியானம் சாப்பிட, உறைஞ்ச ஏரிக்கு குறுக்காத்தான் வீட்டுக்குப் போவான். பத்திரமான பாதைக்கு ரெண்டு பக்கமும் சிவப்புக் கொடி நட்டிருப்பாங்க. லேப்லேருந்து வெந்நீர் வந்து விழுற பக்கம் ஐஸ் மெல்லிசு. கொடியை அந்தப் பக்கம் மாத்தி நட்டா...?"

"ஐயோ!"

"உன் வெயிட்டையே தாங்காது. அவன் உனக்கு ரெண்டு மடங்கு. விபத்துன்னு எழுதி மூடிடுவாங்க!"

"அப்ப... நான் எதுக்கு?"

"பொண்டாட்டியோட டிபன் கேரியர் தூக்கிட்டு வந்தவனை எவன் சந்தேகப்படுவான்?"



உயிர் தப்பியதற்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. கொலை செய்யப்படக்கூடத் தகுதியில்லை... டிபன் கேரியர் பிடிக்க மட்டும்!

"மெல்லிசான இடம் எது, நான் நின்னு கொடி நட கெட்டியான இடம் எது, எல்லாம் நீயே போன் பண்ணிக் கேட்டு வெச்சிடு. எனக்கு இந்த மேப்பு கீப்பெல்லாம் ஒத்து வராது."

கொலைகாரர்கள் கைரேகையை விட்டுச் செல்வார்கள். கைக்குட்டையை விட்டுச் செல்வார்கள். இவர் செய்தது, தன் சாக்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆண்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

ப்ளானைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டார்!

*

மறுநாள். அவள் இரண்டு போன் செய்தாள்.

முதலாவது, அந்தக் கேம்பஸின் செக்யூரிட்டி ஆபீசருக்கு. நீண்ட நேரம் பேசினாள்.

இரண்டாவது, பனிக்கரடியின் வீட்டுக்கு. அவர் மனைவி எடுத்தாள்.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் மௌனம்.

"அம்மா... லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்க்கா. சனிக்கிழமைன்னா சொன்னீங்க?"

"ஆமா. உங்க வீட்டுக்காரரை அன்னிக்கு ஏரிப் பக்கம் வரவே வேணாம்னு சொல்லிடுங்க!"

"ம்..." பெருமூச்சு. "சொல்லித்தானே ஆகணும்... சொல்லிடறேன்."

அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள் இவள். பாவம்!

*

சனிக்கிழமை.

கேம்பஸ் உண்மையிலேயே அழகு! இலை உதிர்ந்த மரங்கள். வெள்ளைப் போர்வை போர்த்திய கட்டடங்கள். ஆவி பறக்கும் கோப்பைகளோடு மாணவர்கள். ரசிக்கத்தான் ஆள் இல்லை. பேராசிரியர் வழக்கம் போல முன்னால் நடந்தார்... அல்ல, ஓடினார்.

ஏரிக்கரை. ஆள் நடமாட்டமே இல்லை.

அவர் கொடிகளைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கெட்டியான இடம் எதுடி? சீக்கிரம் சொல்லு!"

"அந்தப் பட்ட மரத்துக்கு நேரா போங்க."

"நிச்சயமா?"

"நான் போட்ட ப்ளான் என்னிக்காவது தப்பியிருக்கா?"

போனார்.

ஓரடி... ஈரடி...

சடசட... சடார்!

"ஐயோ...! செத்தேன்! அடியே, இது அந்தப் பனிக்கரடிக்கு வெச்ச குழிடி! அவன் சாக வேண்டிய இடத்துல நான் சாகறேனே! யாராவது காப்பாத்துங்க... கொடியை மாத்த வந்தது நான்தான்... ஒத்துக்கறேன்... காப்பாத்துங்க!"

"என்னங்க!" அவள் கரையிலிருந்து கத்தினாள். "எழுந்து நில்லுங்க!"

"என்ன...?"

"எழுந்து நில்லுங்கன்னு சொன்னேன்!"

நின்றார்.

அவள் விசாரித்து வைத்திருந்த அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான்.

பல் கிடுகிடுக்க, கையில் சிவப்புக் கொடியோடு, ரயிலை நிறுத்துகிறவர் மாதிரி நின்றார்.

பம்ப் ரூமுக்குப் பின்னாலிருந்து செக்யூரிட்டி ஆபீசரும் போலீஸ் இன்ஸ்பெக்டரும் வெளிப்பட்டார்கள். அவர்களுக்கு முன்னால் கயிற்றோடு ஓடியவர்... சாட்சாத் பனிக்கரடி! வர வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

"பிடிச்சுக்குங்க சார்! பயப்படாதீங்க, நான் இருக்கேன்!"

செத்தாலும் மேல் என்கிற முகத்தோடு கயிற்றைப் பிடித்தார் பேராசிரியர்.

"நான் வாயைத் திறந்து ஒரு கேள்விகூடக் கேக்கலம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்குள்ள எல்லாத்தையும் அவரே ஒப்பிச்சிட்டாரு!"

"நீ... நீயாடி...?" நடுங்கிக்கொண்டே கேட்டார் கணவர்.

"நீங்கதானே ப்ளான் போடச் சொன்னீங்க?"

"சரி... மாத்து சாக்ஸ்... எங்க வெச்சிருக்கே?"

அவள் பதில் சொல்லவில்லை. முதல் முறையாக.

ஜீப் போனது. நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அழுகை வருமோ என்று காத்துப் பார்த்தாள். பசிதான் வந்தது.

தோளில் ஒரு கை.

பனிக்கரடியின் மனைவி! கண்கள் கலங்கியிருந்தன.

"அக்கா... நீங்க மட்டும் இல்லேன்னா..."

"விடுங்கம்மா. நல்லபடியா முடிஞ்சுது."

"அதில்லக்கா." கொஞ்ச தூரத்தில், செக்யூரிட்டி ஆபீசரிடம் தன் வீரத்தைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்த கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். "உங்க ஊர்ப் பக்கத்துல பெரிய மலை இருக்காமே... ஒருநாள் இவரை அங்க கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். நீங்களே ப்ளான் போட்டுத் தரணும்."

"தாராளமா வாங்க! உச்சி வரைக்கும் பஸ்ஸே போகுது."

"போறது சரிக்கா..." அவள் குரல் இன்னும் தாழ்ந்தது.

"திரும்பி வர ஒரு டிக்கெட் போதும்ல?"