மந்திரியின் சிவப்புப் பெட்டி

துப்பறியும் ஹெஸ்கெத்துக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆள் அனுப்பினார் மந்திரி எட்மண்ட் தோர்லி. மூன்றரை மணிக்கு அவர் நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். வேல்ஸ் பள்ளத்தாக்கில் அணை உடைந்து பதினோரு பேர் செத்துப்போயிருந்தார்கள். சுவர் விரிசல் விட்டிருக்கிறதென்று பொறியாளர் எழுதிய கடிதம், மூன்று வாரம் முன்பே மந்திரி படிக்க வேண்டிய தாள்கள் போகும் சிவப்புப் பெட்டியில் வைக்கப்பட்டதாகப் பதிவேடு சொன்னது. படித்துவிட்டுச் சும்மா இருந்தார் என்று பத்திரிகைகள் அவரைக் கிழிகிழியென்று கிழித்தன.

"சத்தியமா அந்தக் கடுதாசிய நான் பார்க்கலைங்க," என்றார் தோர்லி. "முப்பது வருஷ அரசியல். கொலைகாரன்னு பேர் வாங்கிட்டா போகணும்?"

ஹெஸ்கெத்தின் உதவியாளர் டிலிஸ் முன்னால் வந்தாள். அவளும் வேல்ஸ்காரிதான். நாற்பது வயதாகியும் எதிலும் முந்திக்கொள்ளும் சுபாவம். "எதிர்க்கட்சிக்காரன் வேலைதான் சார் இது!"

"கொஞ்சம் பொறுங்க தாயே," என்றார் ஹெஸ்கெத். "அன்னிக்குப் பெட்டியில போன மத்தத் தாளையும் காட்டுங்க."

மந்திரியின் அந்தரங்கச் செயலர் பென்ரோஸ் கொண்டுவந்து வைத்தார். எல்லாத் தாளிலும் இடது மூலையில் துளை, துளையில் பச்சைக் கயிறு. கோப்பில் செருகியிருந்த பொறியாளரின் கடிதத்தைத் தனியே நீட்டினார். டிலிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"மூலையைப் பாருங்க, துளையே இல்ல," என்றார் ஹெஸ்கெத். "கயிறு கட்டாம எந்தத் தாளும் பெட்டிக்குள்ள போகாது. மடிப்பையும் பாருங்க. உறைக்காகக் குறுக்கே ரெண்டு. நெடுக்கே ஒண்ணு எதுக்கு? கோட்டுப் பையில திணிக்கத்தான். பதிவேட்டுல எழுதினது யாரு, பென்ரோஸ்?"

பென்ரோஸின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான். பதிவேட்டுல எழுதிட்டுத்தான் துளை போடுவேன். அன்னிக்கு எழுதி முடிக்கவும் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்தது. என் மனைவிக்குக் கடைசி நேரம்னாங்க. கையில இருந்ததைப் பையில போட்டுக்கிட்டு ஓடினேன். அணை உடைஞ்ச அன்னிக்குத்தான் அந்தக் கோட்டை மறுபடி எடுத்தேன். பயந்துபோய்க் கோப்புல சொருகிட்டேன் ஐயா."

டிலிஸ் துள்ளி எழுந்தாள். "அப்பாடா! போய்ச் சொல்லுங்க ஐயா, தப்பு உங்களுது இல்லைன்னு!"

தோர்லி பென்ரோஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெளியாள் எவனாவதுன்னா சொல்லியிருப்பேம்மா. அதிகாரி பேரைச் சபையில இழுக்கற வழக்கம் எங்ககிட்ட இல்ல. அங்க வந்து தன் பக்கத்தைச் சொல்ல இவருக்கு இடம் கிடையாது. என் இலாகா செஞ்சது நான் செஞ்சது."

"அப்ப எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றாள் டிலிஸ்.

"படிச்சிட்டு மறந்துட்டேனோன்னு மூணு நாளா என்னையே சந்தேகப்பட்டேன். எனக்காவது தெரியணும்ல?"

டிலிஸ் ஹெஸ்கெத்தைப் பார்த்தாள். எந்த முடிச்சையும் அவிழ்க்கும் அந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மூன்றரை மணிக்கு இருவரும் பார்வையாளர் மாடத்தில் இருந்தார்கள். அங்கே வாய் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். கீழே எதிர்வரிசை கத்தியது: "படிச்சீரா, இல்லையா?"

"கடிதம் என் அமைச்சகத்துக்கு வந்தது," என்றார் தோர்லி. "அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் பதவி விலகுகிறேன்."

டிலிஸுக்குப் பக்கத்தில் கறுப்பு உடையில் ஒருத்தி இருந்தாள். அணை உடைந்ததில் மகனைப் பறிகொடுத்தவள். "பார்த்தியாடி, படிச்சிருக்கான் பாவி," என்று டிலிஸின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். டிலிஸால் அந்தக் கையை இறுகப் பற்றிக்கொள்ள மட்டும்தான் முடிந்தது.