அந்த ஃபோல்டரை மட்டும் தொடாதே...

கம்ப்யூட்டர் அலறியது!

பூந்தமல்லி கடைத்தெருவில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்தும் நஜீர், குடித்துக்கொண்டிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

எடிட் செய்துகொண்டிருந்த நிக்காஹ் வீடியோவைக் காணோம். திரை முழுக்கச் சிவப்பு. 'உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது. அணைத்தால் எல்லாம் அழியும். உடனே அழைக்கவும்...' கீழே ஒரு போன் நம்பர். சைரன் நிற்கிற வழியாக இல்லை.

நஜீர் கீபோர்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் போனால் போகட்டும். அந்த வீடியோ...

அது ரூஹியின் நிக்காஹ். அவளுடைய வாப்பா அப்துல் ரசாக் வாய் நிறையச் சிரித்தபடி வலம் வந்த வீடியோ. மறு வாரமே மனுஷன் மாரடைப்பில் மௌத் ஆகிவிட்டார். கேமராவின் மெமரி கார்டையோ நஜீர் வழக்கம்போல் அழித்து, அடுத்த கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டார். இன்னொரு காப்பி எடுத்து வைக்கச் சோம்பல். இப்போது அந்தக் குரல் மிச்சமிருப்பது இந்த ஒரு பெட்டியில்தான்.

நம்பரைப் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

"வணக்கம் சார். செக்யூரிட்டி டிபார்ட்மென்ட், விக்ரம் பேசறேன்." வழுவழுவென்று ஒரு குரல்.

"தம்பி, ஸ்க்ரீன் பூரா செவப்பா கீது. கத்திகினே கீது."

"பயப்படாதீங்க சார். நான் சொல்ற ஆப்பை இறக்குங்க. அதுல ஒரு நம்பர் வரும். அதை எனக்குச் சொல்லுங்க."

இறக்கினார். சொன்னார். பேங்க்காரர்கள் படித்துப் படித்துச் சொன்னது எதுவும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

சைரன் நின்றது. மவுஸ் அம்பு தானாக நகர ஆரம்பித்தது!

"சிஸ்டம் பூரா வைரஸ் சார். க்ளீன் பண்ண பதினெட்டாயிரம் ஆகும்."

"இன்னா வேணா பண்ணிக்க நைனா. அந்தப் பதினாலாம் நம்பர் ஃபோல்டரை மட்டும் தொடாதே. உன் கால்ல உழறேன்."

சொல்லியிருக்கக் கூடாது.

அம்பு நேராக அந்த ஃபோல்டர் மேல் போய் உட்கார்ந்தது.

"ஓஹோ... விஷயம் இதுலதான் இருக்கா?" குரலில் இருந்த மரியாதை கழன்று விழுந்தது. "அஞ்சு நிமிஷம் டைம். பணம் வரலைன்னா டெலீட். வயரைப் பிடுங்கலாம்னு நினைக்காதே. ஹார்ட் டிஸ்க் எரிஞ்சி போயிடும்."

கண்ணாடிக் கதவு திறந்தது.

ரூஹி!

வீங்கிய கண்களோடு உள்ளே வந்தவளைப் பார்த்ததும் நஜீர் போனை அவசரமாக ம்யூட் செய்தார். இனி இந்தப் பக்கம் பேசுவது அவனுக்குக் கேட்காது.

"மன்னிச்சிடும்மா ரூஹி. எவனோ உள்ள பூந்துகினான். பதினாலாம் நம்பர்தான் உன் நிக்காஹ். துட்டு தரலைன்னா அழிச்சிடுவேன்றான்."

ரூஹி கம்ப்யூட்டர் பக்கம் ஓடி வந்தாள். "வாப்பா பேசினது அதுல மட்டும்தானே பாய் இருக்கு?"

நஜீர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னய்யா சத்தத்தையே காணோம்?" ஸ்பீக்கர் அதட்டியது. "விளையாடறியா?"

ரூஹியின் முகம் மாறியது.

"இது யாரு பாய்?"

"விக்ரமாம்."

அவள் தன் செல்போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினாள்.

ஸ்பீக்கருக்குள்ளே எங்கோ ஒரு போன் அடித்தது...

"லைன்லயே இரு," என்றான் விக்ரம் நஜீரிடம். பிறகு, "சொல்லு ரூஹி. மீட்டிங்ல இருக்கேன்."

இரண்டு போனிலும் ஒரே குரல்!

நஜீருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முஸ்தகீம்... ரூஹியின் மாப்பிள்ளை! அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை என்று சொல்லிப் பெண் எடுத்தவன். நிக்காஹ் மேடையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த அந்தச் சாது.

"என்ன மீட்டிங்?" என்றாள் ரூஹி.

"கஸ்டமர் சிஸ்டத்துல வைரஸ். அப்புறமா பேசறேன்."

"அந்தப் பதினாலாம் நம்பர் ஃபோல்டரைத் திறந்து பாருங்க."



"என்ன... என்ன சொன்னே?"

"திறங்க. அழிக்கப் போறது யாரைன்னு பார்த்துட்டு அழிங்க."

அம்பு தயங்கியது. ஃபோல்டர் திறந்தது. வீடியோ ஓடியது. திரை நிறைய அப்துல் ரசாக், மருமகனின் கையைப் பிடித்தபடி.

"தாயில்லாப் புள்ள மாப்ளே. உங்களை நம்பித்தான் தரேன்."

ரூஹி எட்டி நெட் வயரைப் பிடுங்கினாள்.

எதுவும் எரியவில்லை. வாப்பா மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டதும் நஜீருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ரூஹி... ரூஹி, நான் சொல்றதைக் கேளு..." செல்போன் கெஞ்சியது. அவள் அணைத்தாள்.

"ஸ்க்ரீன்ல வந்த அந்த நம்பரை எழுதிக் குடுங்க பாய். நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போறேன்."

அவள் அழவில்லை. நஜீர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீடியோவை இன்னாம்மா பண்றது?"

"வாப்பா வர்ற இடமெல்லாம் அப்படியே இருக்கட்டும் பாய்," என்றாள் ரூஹி. "மாப்பிள்ளையை மட்டும் டெலீட் பண்ணிடுங்க."